இரண்டு சீட்டுக்கு நடுவே

இந்த மலை விடுதிக்குக் கரண்டு இனி வராது. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அடுப்புப் பக்கமாக நெருங்கி உட்காருங்கள். அடுக்குக் கட்டிலின் மேல் பலகையில் படுத்திருக்கிற மகராசன் மட்டும் அந்தத் தொங்குகிற கையை முதலில் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏன் என்று இப்போது கேட்காதீர்.

இது என் சிநேகிதி பெத்தானின் தம்பிக்கு நடந்தது. எம்ரிஸ் என்று பெயர். இந்த மலைக்கு அந்தப் பக்கம், கும் ஹெலிக் பள்ளத்தாக்கில் ஆடு வளர்க்கிறான். பொய் சொல்லத் தெரியாதவன். பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அது அவனிடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை. மார்ச் மாதம். மாலை ஆறு பத்து. கணவாயிலிருந்து இறங்குகிற ஒற்றைச் சாலை... பதினான்கு மைலுக்கு ஒரு வீடு இல்லை. மழையும் பனியும் கலந்து சளக் சளக்கென்று கண்ணாடியில் அறைகிறது. பழைய லேண்ட் ரோவர். முன்னால் எம்ரிஸ். பின்னால், புதிதாகப் போட்ட சீட்டில், பெல்ட்டுக்குள், அவன் மகள் மாரெட். ஆறு வயது. வண்டியில் வேறு யாரும் இல்லை.

பின்னாலிருந்து குழந்தையின் குரல் வந்தது.

"மாரெட்."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. வைப்பர் போயிற்று, வந்தது.

"வெள்ளிக்கிழமை."

யாரோ கேட்கிறார்கள், இவள் பதில் சொல்கிறாள். அப்படித்தான் இருந்தது அது.

வண்டி அங்கேயே போய்க்கொண்டிருக்கட்டும். முதலில் அந்த சீட்டின் கதையைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது.

அது மலை மீட்புக் குழுவின் வண்டியாக இருந்தது. எம்ரிஸ் அந்தக் குழுவில் ஒன்பது வருஷம் இருந்தவன். சம்பளம் கிடையாது, கூப்பிட்டால் ஓட வேண்டும், அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கம் இரண்டு நீளப் பெஞ்சு, ஓரமாக, எதிரெதிரே. நடுவில் தரையில் ஸ்ட்ரெச்சர். அடிபட்டவரைக் கிடத்தி, பக்கத்துக்கு இரண்டு பேராக, முழங்கால் முட்ட உட்கார்ந்து வருவார்கள்.

அதில் ஒரு வழக்கம் உண்டு. தலைமாட்டில் உட்காருகிறவர் அடிபட்டவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். பெயர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, எங்கே வலிக்கிறது, கால் விரலை அசைக்க முடிகிறதா... இப்படி. ஆஸ்பத்திரி வரும்வரை கையை விடக் கூடாது. விட வேண்டுமென்றால் இன்னொருவர் அந்தக் கையை வாங்கிக்கொண்டு, "ஆள் என் கையில" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை பிடித்திருந்தவர் "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தையும் சொன்னால்தான் கை மாறினதாகக் கணக்கு. ஒன்று சொல்லி ஒன்று சொல்லாவிட்டால் மாறவில்லை.

இன்னொன்றும் உண்டு. குளிரில் விறைத்தவரைச் செத்தார் என்று மலையில் யாரும் சொல்லக் கூடாது. சூடாக்கிப் பார்க்க வேண்டும். சூடான பிறகும் எழவில்லை என்றால்தான் செத்ததாக அர்த்தம்.

ஏழு வருஷம் முன்பு ஒரு நவம்பரில், ஹேசல் என்ற பெண் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தாள். இருபத்து மூன்று வயது. அவளைக் கண்டுபிடித்துத் தோளில் சுமந்து சாலைக்குக் கொண்டுவரப் பதினோரு மணி நேரம் ஆயிற்று. வண்டியில் ஏற்றியதும் எம்ரிஸ் தலைமாட்டில் உட்கார்ந்தான். "ஆள் என் கையில" என்றான். வழக்கமான கேள்விகளைக் கேட்டான். கடைசியில், அவன் மட்டுமே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, அதையும் கேட்டான். "வீட்டுல நாய் இருக்கா, பூனை இருக்கா?" செல்லப் பிராணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எவரும் கொஞ்சம் விழித்திருப்பார்கள் என்பது அவன் அனுபவம்.

"பூனை," என்றாள் அவள். "அதுக்குப் பேரு..."

அந்தப் பெயர் அவன் காதில் விழவில்லை. தூங்கிப்போனான்.

ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவைத் திறந்தார்கள். எம்ரிஸின் கை அவன் முழங்கால் மேல் இருந்தது. அவளுடைய கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே, தனியாக, தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் சூடாக்கிப் பார்த்துவிட்டு, எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள், உன்மேல் தப்பில்லை என்று டாக்டர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும்.

அன்றோடு தூக்கம் போயிற்று. படுத்தால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. பிறகு விழித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். குழுவை விட்டான். மறுவருஷம் மாரெட் பிறந்தாள், அப்படியும் தூக்கம் திரும்பவில்லை. ராத்திரி பூராவும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிற புருஷனோடு எத்தனை நாள்தான் ஒருத்தி குடித்தனம் நடத்துவாள்? அவன் மனைவி காரிஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையோடு டவுனுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை. இரண்டு பேருக்கும் சண்டை போடத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமை மாலை மாரெட் இங்கே வருவாள், ஞாயிறு திரும்புவாள் என்று ஏற்பாடு. எம்ரிஸுக்கு வாரத்தில் நாள் என்று இருந்ததே அந்த வெள்ளிக்கிழமைதான்.

போன வருஷம் குழுவுக்குப் புது வண்டி வந்தது. பழையதை யாருக்கு வேண்டும் என்று கேட்டார்கள். இவன் கை தூக்கினான்.

"ஏண்டா, ஊர்ல வேற வண்டியே இல்லையா? அதப் போய் எதுக்குடா வாங்குற?" பெத்தானுக்கு வந்ததே கோபம்.

"என் வண்டி படுத்துருச்சு அக்கா. இது ஓடுற வண்டி. இதோட எஞ்சின் எனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் உன்னத் தெரியும்," என்றாள் பெத்தான்.

காரிஸ் வண்டியைப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து பெஞ்சைப் பார்த்தாள். "இதுல பக்கவாட்டுல உக்கார வச்சு அவளக் கூட்டிட்டுப் போவியா? பிரேக் அடிச்சா பந்து மாதிரி உருளுவா. முன்சீட்டும் வேண்டாம். பின்னாடி, முன்பக்கம் பாத்த சீட்டு. தோள் வழியா வர்ற பெல்ட்டு. அது போடற வரைக்கும் வெள்ளிக்கிழமை கிடையாது எம்ரிஸ். நான் சண்டைக்குச் சொல்லல."

"தெரியும்," என்றான். அவள் சொன்னது நியாயம்தான். அதோடு, அந்தப் பெஞ்சைப் பிடுங்கி எறிய அவனுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. எதிரெதிரே பார்த்து உட்காருகிற வண்டியாக அது இருக்கிறவரை அவனுக்கு நிம்மதி இல்லை. எல்லா சீட்டும் முன்பக்கம் பார்த்துவிட்டால் நடுவில் என்ன கிடந்தது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை, பாருங்கள்.

சீட் இரண்டும், அதைத் தாங்குகிற இரும்புச் சட்டமும், பெல்ட்டும் பெட்டி பெட்டியாக வந்தன. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலிருக்கிற ஷெட்டில் வேலையை ஆரம்பித்தார்கள். உதவிக்குப் பெத்தானின் புருஷன் குவிலிம் வந்தான். குவிலிம் இருக்கிற இடத்தில் வாய் சும்மா இருக்காது.

"ஏம் மாப்ள, இந்த போல்ட்டு எல்லாம் உன் தாத்தா முறுக்கினதா? நகர மாட்டேங்குது?"

முந்தின நாளே எண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தும் பெஞ்சு லேசில் கிளம்பவில்லை. கடைசி போல்ட் வரும்போது க்ரீ...ச்சென்று இழுத்து அழுதது. பெஞ்சை ஒட்டி, ஸ்ட்ரெச்சரைத் தள்ளி ஏற்றுவதற்கென்று தரையில் இரண்டு இரும்புப் பட்டைகள் இருந்தன. புதுச் சட்டத்தின் கால்கள் அதன்மேல் ஏறிச் சமமாக நிற்காமல் ஆடின. எம்ரிஸ் இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்து இரண்டையும் அறுத்தான். பொறி பறந்தது. இரும்பு கருகுகிற வாசம். அது அடங்கினதும் வேறொரு வாசம் வந்தது... நனைந்த கம்பளி. அதோடு ஆஸ்பத்திரி வாசம்.

"உனக்கு ஏதாவது வாசம் வருதா மச்சான்?"

"ஆட்டு வாசம்டா. உன் வீட்டுல வேற என்ன மல்லிப்பூவா மணக்கும்?"

சீட்டுக்கு நாலு போல்ட், மொத்தம் எட்டு. தரையில் துளை போட்டு, அடியில் ஒரு கனத்த தகடு வைத்து, நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். இது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவன் மேலே போல்ட்டைத் திருக வேண்டும், ஒருவன் கீழே மல்லாந்து படுத்து ஸ்பானரால் நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குவிலிம் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வண்டிக்கடியில் நுழைந்தான். மேலேயிருந்து இவன் "பிடிச்சாச்சா?" என்பான். கீழேயிருந்து ஸ்பானரால் இரண்டு தட்டு வரும். டக், டக். இவன் இறுக்குவான்.

ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது... ஆறு முடிந்தது.

"பிடிச்சாச்சா?"

டக், டக்.

ஏழு.

"பிடிச்சாச்சா?"

டக்... கொஞ்சம் பொறுத்து... டக்.

எட்டு. கீழே பிடி நன்றாக இருந்தது. குவிலிம் பிடிக்கும்போது ஆடிய ஆட்டம்கூட இல்லை. எம்ரிஸ் நிமிர்ந்து முதுகைத் தடவிக்கொண்டான். அப்போது ஷெட் வாசலில் குவிலிம் வந்து நின்றான். இரண்டு கையிலும் டீ.

"எங்க போன?"

"எங்க போனனா? ஆறாவது முடிஞ்சதும் டீ போடப் போறேன்னு கத்துனனே, காதுல பஞ்சா? கால் மணி நேரமா கெட்டிலப் பாத்துட்டு நிக்கிறேன். உன் அடுப்பும் உன்ன மாதிரியே சோந்து கெடக்கு." குவிலிமின் பின்பக்கப் பையில் ஸ்பானர் துருத்திக்கொண்டிருந்தது.

எம்ரிஸ் மண்டியிட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். அட்டை. அட்டைமேல் ஒன்றும் இல்லை. எட்டு நட்டும் தகட்டோடு தகடாக இறுகியிருந்தன.

"புது நட்டு, தானே பிடிச்சிருக்கும்," என்றான் குவிலிம்.

"தட்டுச்சே?"

"பழைய வண்டிடா. குளுருல டக்குன்னும், பொக்குன்னும் சொல்லும். டீ ஆறுது, குடி."

குடித்தான். வேறென்ன செய்வான்? சீட்டைப் போட்டாயிற்று. இரண்டும் முன்பக்கம் பார்த்துக் கம்பீரமாக நின்றன. உள்ளே புடைத்திருக்கிற சக்கர மேட்டை ஒட்டி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். எவ்வளவு என்கிறீர்கள்? சரியாக ஒரு ஸ்ட்ரெச்சர் அகலம்.

காரிஸ் வந்து பெல்ட்டைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். சீட்டை இரண்டு கையாலும் ஆட்டினாள். அசையவில்லை. "நல்லா போட்டிருக்க," என்றாள். அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. எம்ரிஸுக்குக் கண் கலங்கிவிட்டது என்று பெத்தான் சொன்னாள்.

மூன்று வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மாரெட் இடது சீட்டில் உட்காருவாள், வாயாடிக்கொண்டே வருவாள். அதற்குள் ஆடுகள் குட்டி போடுகிற காலம் வந்துவிட்டது. ராத்திரியில் பிறந்து குளிரில் விறைத்துப்போன குட்டிகளைத் துண்டில் சுற்றிச் சமையலறை அடுப்போரம் கொண்டுவருவான். "செத்துப்போச்சா அப்பா?" என்று மாரெட் கேட்பாள். "சூடாகட்டும், அப்புறம் சொல்லலாம்," என்பான். குட்டியை அவன் கையிலிருந்து அவள் வாங்கும்போது விளையாட்டாக அந்தப் பழைய வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தான். "குட்டி என் கையில!" என்பாள் மாரெட். "விட்டேன்" என்பான் இவன். ஒரு தடவை சொல்ல மறந்துவிட்டான். "விட்டேன்னு சொல்லு அப்பா! சொல்லலேன்னா செல்லாது!" என்று கத்தி வீட்டையே இரண்டாக்கிவிட்டாள்.

இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வண்டிக்குப் போவோம்.

நாலாவது வெள்ளிக்கிழமை. நாலு ராத்திரி தொடர்ந்து ஆட்டுக் கொட்டகையில் கண்விழித்தவன். கண்ணில் மணல் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. டவுனுக்குப் போய்க் குழந்தையை ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறி இறங்குகிறான். பின்னால் மாரெட் தன் பெயரைச் சொல்கிறாள், கிழமையைச் சொல்கிறாள். பொம்மையோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"வலிக்கல."

"ம்... அசைக்கிறேன். ரெண்டு காலும்."

சாலை திரும்பியது. முன்விளக்கில் தரைப்பாலம் தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. பழுப்பாக, நுரைத்துக்கொண்டு, ஹோவென்று. பின்னால் திரும்பிக் கணவாய் ஏறலாம் என்றால் மேலே பனி கொட்டுகிறது. போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் வடிகிறவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. எஞ்சினை நிறுத்தினான். திடீரென்று வண்டிக்குள் எல்லாம் அடங்கிப்போயிற்று. வெளியே தண்ணீரின் இரைச்சல், கூரையில் துளி விழுகிற சத்தம் மட்டும்... டப், டப், டப்.

"நாய் இருக்கு," என்றாள் மாரெட், பின்னால். "பேரு மோஸ். கறுப்பும் வெள்ளையும்."

எம்ரிஸின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டது. பெயர், கிழமை, வலி, கால் விரல். அதெல்லாம் எந்த மீட்புக்காரரும் கேட்பது. நாயா பூனையா என்று கேட்பது அவன் ஒருவன்தான்.

"யார்கிட்ட பேசுற கண்ணு?"

"அவங்ககிட்ட. அவங்க வீட்டுல பூனையாம் அப்பா. பேரு மார்மலேடாம்."

அந்தப் பெயர் சரியா தப்பா என்று யாரிடமும் போய் விசாரிக்க இன்றைக்கு வரை அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கதவைத் திறந்து இறங்கினான். கணுக்கால் வரை சேறு. பின்பக்கம் ஓடிக் கதவைத் திறந்தான். உள்விளக்கு மங்கலாக எரிந்தது. மாரெட் சீட்டில் ஒழுங்காக, பெல்ட்டோடு, நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மட்டும் சீட்டிலிருந்து கீழே, இரண்டு சீட்டுக்கும் நடுவே, தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா தொங்குகிற கை ஆடும். இது ஆடவில்லை. விரல்கள் எதையோ பற்றின மாதிரி மடங்கியிருந்தன.

நனைந்த கம்பளி வாசம் குப்பென்று வந்தது.

எம்ரிஸ் உள்ளே ஏறி, வலது சீட்டில் விழுந்து, தன் இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பனிக்கட்டி. இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். குழந்தையின் கையை இன்னொருவர் பிடித்திருக்கும்போது இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. முரட்டுப் பிடி இல்லை. நன்றாகத் தெரிந்தவர் பிடிக்கிற பிடி.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே ஒருவரும் இல்லை, கீழே வெறும் தரை. அந்தத் தரையைப் பார்த்து, ஏழு வருஷமாக வாயில் வராத வார்த்தையைச் சொன்னான்.

"ஆள் என் கையில."

டப், டப், டப் என்று கூரை.

"விட்டேன்னு சொல்றாங்க அப்பா," என்றாள் மாரெட்.

கை வந்தது. அவ்வளவு லேசாக வந்தது. அவன் அதைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டான். ஒரு நிமிஷத்தில் குழந்தை தூங்கிப்போனாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெத்தானும் அதையேதான் கேட்டாள். "எப்படி அக்கா போறது? பெல்ட்டக் கழட்டணும், அவளத் தூக்கணும், பின்கதவு வழியா சேத்துல இறங்கணும். நடுவுல எங்கயாவது ஒரு செகண்டு கை விட்டுப்போனா?" என்றானாம். அதோடு அவன் மனசில் இன்னொன்றும் இருந்தது. அன்றைக்குப் பாதியில் விட்ட வேலை இது. இன்றைக்கு விடியும்வரை பிடித்திருக்கிறேன், தூங்க மாட்டேன். ஏழு வருஷமாகத் தூங்காதவனுக்கு ஒரு ராத்திரி தூங்காமல் இருப்பதா பெரிய விஷயம்?

வண்டியிலிருந்த ஆட்டு வாசக் கம்பளியை இழுத்து இருவருக்கும் போர்த்தினான். குழந்தையின் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது... ஆட்டுக் குட்டிகளை எண்ணினான். வேலிக் கம்பங்களை எண்ணினான். பத்தரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது விடிந்திருந்தது.

தூக்கம் என்றால் சாதாரணத் தூக்கம் இல்லை. சின்ன வயதில் தூங்கினானே, அந்தத் தூக்கம். உடம்பெல்லாம் பஞ்சாக இருந்தது. மழை விட்டிருந்தது. தண்ணீர் வடிந்து தரைப்பாலம் கழுவிவிட்ட மாதிரிக் கிடந்தது. அக்கரையில் ஒரு ஆடு நின்று இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாரெட் எப்போதோ எழுந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். சிவந்த கன்னம், சூடான விரல். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்று அவன் மூச்சு விட்டான்.

அப்புறம்தான் தன் இடது கையைக் கவனித்தான். அது சீட்டிலிருந்து கீழே, இரண்டு சீட்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன.

"நல்லா தூங்கினியா அப்பா?"

"நீ... எப்ப கண்ணு என் கைய விட்ட?"

"நீ தூங்கிட்ட. உன் கை நழுவுச்சு. நான்தான் பிடிச்சிட்டு இருந்தேன், எவ்வளவு நேரம் தெரியுமா? அப்புறம் அவங்க வாங்கிக்கிட்டாங்க. 'ஆள் என் கையில'ன்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

இதைப் போய்க் கேட்கிறாயே என்கிற மாதிரி அவள் அவனைப் பார்த்தாள். வாயிலிருந்த பிஸ்கட்டை முதலில் விழுங்கினாள்.

"விட்டேன்னு சொன்னேன். சொல்லணும்ல? நீதானே சொல்லிக்குடுத்த?"

அவ்வளவுதான் நடந்தது. அவன் இழுத்தபோது கை அவன் பக்கம் வந்தது, வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். அந்த சீட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் வெள்ளிக்கிழமை போய்விடும். மாரெட் வாராவாரம் வருகிறாள், அந்த இடது சீட்டில்தான் உட்காருகிறாள், பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. காரிஸுக்கு இந்த விஷயமே தெரியாது. இப்போது எம்ரிஸ் நன்றாகத் தூங்குகிறான். எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிறான். நாற்காலியில், ஜெபத்துக்குப் போன இடத்தில், ஆட்டுச் சந்தையில். நானே பார்த்திருக்கிறேன். தூங்கினதும் இடது கை மட்டும் மெல்ல இறங்கிக் கீழே தொங்கும், விரல்கள் மடங்கும். அந்தக் கை வெயிலிலும் சூடேறுவதில்லை, அடுப்பில் காட்டினாலும் சூடேறுவதில்லை. கியர் மாற்றுகிற கை அது, அதற்கென்றே ஒரு கம்பளி உறை போட்டிருக்கிறான்.

போன மாதம் பெத்தான் ஒரு காரியம் செய்து பார்த்தாள். கூடப் பிறந்தவன் என்று அவளுக்கும் தம்பியைத் தவிர யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை மதியம், சாப்பிட்ட பிறகு, அவன் மேசை முன்னால் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். கை தொங்கியது. பெத்தான் பக்கத்தில் மண்டியிட்டு அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சத்தமாக, தெளிவாகச் சொன்னாள்.

"ஆள் என் கையில."

காத்திருந்தாள். கெட்டில் கொதித்து அடங்கியது. மறுபடி சொன்னாள். அவளுக்குப் பதில் வரவில்லை. கை அவள் கைக்குள்தான் இருந்தது, ஆனால் இழுத்தால் வரவில்லை.

மேசையின் அந்தக் கோடியில் மாரெட் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவங்க இப்ப விடமாட்டாங்க அத்தை," என்றாள். "அப்பா இன்னும் சூடாகலையாம். சூடானதும் சொல்றாங்களாம்."

சரி, அடுப்பை மூடிவிட்டுப் படுங்கள். மேல் பலகை மகராசன் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. யாராவது எழுந்துபோய் அவர் கையைத் தூக்கி உள்ளே வையுங்கள். வைக்கும்போது வாயைத் திறந்து எதுவும் சொல்லிவிடாதீர்கள்.